பழைய போட்டோ, புது தேதி: புலனாய்வு நிருபர் ஆகக் கிளம்புன ஒரு தம்பியோட கேஸ்

எதுக்கு இத எழுதுறேன்

"அண்ணே, புலனாய்வு பத்திரிகையாளர் ஆகணும், எங்க சேரணும், என்ன படிக்கணும்"னு கேட்டு என்கிட்ட வர்ற பசங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதனால நான் கூடவே இருந்து பார்த்த ஒரு கேஸ ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எழுதி வச்சிடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம். ஊர் பேரு, ஒன்றியம், பத்திரிகை பேரு எதுவும் வராது. இதுல முக்கியமான ரெண்டு பேரும் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன், அதுல ஒருத்தங்க சரின்னு சொல்ல நாலு மாசம் ஆச்சு.

நான் இருபது வருஷம் டெஸ்க்ல உக்காந்து அடுத்தவங்க எழுதுனத வெட்டுன ஆளு. இந்த கேஸ்ல என் தப்பும் ஒன்னு இருக்கு, அது வர்ற இடத்துல சொல்றேன்.

பின்னணி

தம்பிக்கு அப்போ 26 வயசு. தென் மாவட்டம், கரிசக்காடு. பிஎஸ்சி கணக்கு முடிச்சிட்டு ஒரு நாளிதழுக்கு தாலுகா பகுதிநேர நிருபரா மூணு வருஷம் ஓட்டிட்டு இருந்தாப்ல. பகுதிநேரம்னு பேருதான், காலைல ஆறு மணிக்கு பைபாஸ்ல ஆக்சிடென்ட், பத்து மணிக்கு மனு குடுக்குற கூட்டம், சாயங்காலம் கோயில் கொடை, ராத்திரி ஒன்பது மணிக்கு "போட்டோ இன்னும் வரல"ன்னு பத்திரிகையோட பீரோ ஆபீஸ்ல இருந்து போன். கைக்கு வர்ற காசு பெட்ரோலுக்கும் ரீசார்ஜுக்கும் சரியா இருக்கும். மீதி பொழப்பு விளம்பர கமிஷன்ல ஓடுது. பொங்கல் மலர், சுதந்திர தின மலர், தீபாவளி மலர்னு டார்கெட் வரும், ஒன்றியத்துல பெரிய ஆட்கள் வீட்டு வாசல்ல நின்னு கால் பக்கம் அரைப்பக்கம்னு வாங்கியாகணும். இத எதுக்கு இவ்வளவு விரிவா சொல்றேன்னா எந்த ஆள் மேல செய்தி எழுதணுமோ அந்த ஆள்கிட்டயே மலருக்கு விளம்பரம் கேக்கப்போகணும், பின்னாடி வர்ற பாதி சிக்கல் இதுல இருந்து கிளம்புனதுதான்.

பிரஸ் மீட்ல காசு வச்ச கவர் குடுத்தா தம்பி வாங்கமாட்டாப்ல. கூட இருந்த நிருபர்களுக்கு அதுலயே இவர் மேல ஒரு கடுப்பு.

முதல் தடவ என்கிட்ட பேசுனப்ப அவர் மனசுல இருந்த புலனாய்வு வேற மாதிரி. பட்டன் கேமரா, ராத்திரி ரகசிய சந்திப்பு, வார இதழ் அட்டைப்படம். நான் கேட்ட முதல் கேள்வி "எக்செல் தெரியுமா?" தம்பி முகம் சுருங்கிப்போச்சு. தெரியும்னு சொன்னாப்ல, அவர் படிச்ச கணக்குதான் பின்னாடி கைகுடுத்துச்சு.

கிராம சபையில ஒரு பாட்டி

2024 ஜனவரி 26, குடியரசு தின கிராம சபை. தம்பி நாலு வரி செய்திக்காக போயிருந்தாப்ல. தீர்மானம் எல்லாம் படிச்சு முடிச்சு டீ குடுக்குற நேரத்துல ஒரு பாட்டி எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டுச்சு, சத்தமா கூட இல்ல. "மழை வெள்ளம் வந்த வாரம் நான் வேலைக்கே வரல, என் கணக்குல ஆயிரத்து எழுநூத்தி அறுபத்தி நாலு விழுந்திருக்கு, இப்ப அதுல ஆயிரத்து இருநூறு குடுன்னு கேக்குறாக, அது யாரு பணம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஊராட்சி செயலர் "பாட்டி, அப்புறம் பேசுவோம்"னு உக்கார வச்சுட்டாரு. தம்பி மட்டும் நோட்டுல 1764ன்னு எழுதி ஆறால வகுத்துப் பார்த்தாப்ல, 294. அந்த நிதியாண்டுல தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி சரியா 294 ரூபாய். அப்படின்னா ஆறு நாள் வேலை பார்த்ததா யாரோ வருகை போட்டிருக்காங்க, அதுவும் வெள்ள வாரத்துல.

வெள்ளம்னு பாட்டி சொன்னது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்ட அந்த மழை. கரிசல் மண்ணு தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேண்டாம், அந்த ஈரத்துல கால் வச்சா முழங்கால் வரைக்கும் இழுக்கும், மம்பட்டிய போட்டா எடுக்க ரெண்டு ஆள் வேணும்.

என்ன பார்த்தோம்

அன்னைக்கு ராத்திரியே தம்பி போன் பண்ணாப்ல, "அண்ணே பெரிய ஊழல்ணே". அந்த வார்த்தைய இன்னும் ஆறு மாசத்துக்கு வாய்ல வச்சுக்காதன்னு சொல்லிட்டு முதல்ல பொதுவுல கிடைக்கிறத எடுன்னு சொன்னேன்.

நூறு நாள் வேலைல ஒரு வசதி, நம்ம நாட்டுல இவ்வளவு தகவல் திறந்து கிடக்குற அரசு திட்டம் ரொம்ப கம்மி. அந்த திட்டத்தோட இணையதளத்துல ஊராட்சி வாரியா வேலை, மஸ்டர் ரோல் (வருகைப் பட்டியல்) நம்பர், ஜாப் கார்டு, யாருக்கு எத்தன நாள், எவ்வளவு கூலி எல்லாம் பார்க்கலாம். 2023 ஜனவரி 1ல இருந்து வருகைப்பதிவ என்எம்எம்எஸ் ஆப் வழியாத்தான் போடணும்னு கட்டாயம் ஆக்குனாங்க, காலைல ஒரு போட்டோ மத்தியானத்துக்கு மேல ஒரு போட்டோ ஏத்தணும், அந்த போட்டோவும் தளத்துல இருக்கும். போலி வருகைய ஒழிக்கத்தான் அந்த ஆப்பே வந்துச்சு.

தம்பி ஒரே ஒரு வேலைய எடுத்துக்கிட்டாப்ல, கண்மாய்க்கு தண்ணி வர்ற ஒரு வரத்துக்கால் தூர்வார்ற வேலை. ஊராட்சில நடந்த எல்லா வேலையையும் பிடிக்கணும்னு அவருக்கு ஆசை, நான்தான் ஒன்னு போதும்னு பிடிவாதமா இருந்தேன். மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து அந்த வேலையோட மஸ்டர் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல ஏத்துனாப்ல. ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப்பா சேமிச்சு, எடுத்த தேதி நேரம் எழுதி, ஃபைலுக்கு ஹாஷ் (ஃபைல்ல ஒரு எழுத்து மாறுனாலும் மாறிப்போற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து தனியா ஒரு மெயிலுக்கு அனுப்பி வச்சோம். மின்னணு ஆவணத்த கோர்ட்ல காட்டணும்னா பழைய சாட்சியச் சட்டத்துல 65பி, இப்ப பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63வது பிரிவு, அதுக்கான சான்றிதழ்ல ஹாஷ் மதிப்பு கேக்குறாங்க. அப்ப எங்களுக்கு அவ்வளவு சட்டம் தெரியாது, ஏதோ பழக்கத்துல செஞ்சது. நல்லவேளையா செஞ்சோம், மார்ச்ல திரும்பப் போய் பார்த்தா ரெண்டு படம் திறக்கல.

இப்ப அந்த படம். டிசம்பர் 18 திங்கக்கிழமை, மஸ்டர்ல 31 பேர் வருகை. ஏத்தியிருக்குற போட்டோவுல ஏழு பேர் நிக்கிறாங்க, தரை வெடிச்சு கிடக்கு, ஆட்களோட நிழல் கத்தி மாதிரி கூர்மையா விழுந்திருக்கு. மாவட்டமே தண்ணிக்குள்ள கிடந்த நாள்ல வெயில் நிழல்! தம்பி அத பெருசாக்கி பார்த்தப்ப மேல ஓரத்துல மங்கலா ஒரு கோடு, இன்னும் பெருசாக்குனா அது இன்னொரு போனோட ஸ்கிரீன், பேட்டரி 34%னு எழுத்து தெரியுது. ஒரு போன்ல இருந்த பழைய போட்டோவ இன்னொரு போன்ல ஆப்ப திறந்து படம் பிடிச்சு ஏத்தியிருக்காங்க. பழைய போட்டோ எதுன்னும் தேடி எடுத்துட்டாப்ல, நவம்பர் மாச மஸ்டர்ல இருந்துச்சு. ரெண்டுலயும் சிவப்பு துண்டு கட்டுன அதே ஆள், இடது ஓரத்துல ஒரு தூக்குவாளி அதே சாய்வுல சாஞ்சு கிடக்கு.

டிசம்பர் 19, 20க்கும் இதே படம்தான். மூணு நாள், 31 பேர், 294 ரூபாய். 27,342 ரூபாய்.

"அண்ணே இவ்வளவுதானா"ன்னு கேட்டாப்ல. எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் இருந்துச்சு, வெளிய காட்டிக்கல. ஆனா அந்த 27,342ஐ யாராலயும் அசைக்க முடியாது. ஊரே சொன்ன இன்னொரு விஷயம் இருந்துச்சு, அந்த வரத்துக்கால வெட்டுனதே ராத்திரில ஜேசிபி வச்சுத்தான்னு. நூறு நாள் திட்டத்துல ஒப்பந்தக்காரரும் கூடாது, ஆள் வேலைய பிடுங்குற மிஷினும் கூடாது, அதனால உண்மைன்னா இதுதான் பெரிய விஷயம். டீக்கடைல பத்து பேர் சொன்னாங்க, ஒருத்தர் கூட எந்த நாள்னு சொல்லல, யார் வண்டின்னு சொல்லல, ஒரு பில் கிடைக்கல. அத எழுதலாமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள ரெண்டு மாசம் சண்டை நடந்துச்சு. கடைசில எழுதல.

பேரன் விஷயம்

பிப்ரவரி கடைசில தம்பி ஓடி வந்தாப்ல, மஸ்டர்ல செத்துப்போன ஆள் இருக்காருன்னு. இறப்பு சான்றிதழே கைல இருக்கு, 2021ல இறந்தவர், அதே பேரு, அதே தெரு, அதே இனிஷியல். "செத்தவர் மண் வெட்டுறாரு"ன்னு தலைப்பே யோசிச்சு வச்சிருந்தாப்ல, நானும் கொஞ்சம் சபலப்பட்டேன்.

ஜாப் கார்டுல வயசு என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். 24. இறந்தவருக்கு 71. நம்ம ஊர்ல தாத்தா பேரத்தானே பேரனுக்கு வைப்பாங்க, பேரன்னாலே பேர உடையவன்தானே. இனிஷியலும் எப்படி ஒத்துப்போச்சுன்னா தாத்தாவோட அப்பா பேரும் பையனோட அப்பா பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது. பையன் உயிரோட திருப்பூர்ல பனியன் கம்பெனில தையல் மிஷின்ல உக்காந்திருக்கான். போன்ல பிடிச்சு பேசுனப்ப "ஆமாண்ணே நான் ஊருக்கு வந்தே ஒரு வருஷம் ஆச்சு, அம்மாதான் கார்டு வச்சிருக்கு"ன்னான். அதுவும் ஒரு செய்திதான், ஆனா வேற செய்தி. செத்தவர் கதைய போட்டிருந்தோம்னா மறுநாளே அந்த பையனோட ஆதார நீட்டி மொத்த வேலையையும் குப்பைல போட்டிருப்பாங்க. அன்னைல இருந்து ஷீட்ல "வயசு", "அப்பா பேரு", "நேர்ல பார்த்தாச்சா"ன்னு மூணு காலம் (column) சேர்த்தோம். 31 பேர்ல 22 பேர நேர்லயோ போன்லயோ பிடிச்சாப்ல, 19 பேர் அந்த மூணு நாளும் வீட்ட விட்டே கிளம்பலன்னாங்க, மூணு பேர் பேச மாட்டேன்னுட்டாங்க.

மனு போட்ட கதை

மார்ச் முதல் வாரம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. தம்பியே எழுதி பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்கு பதிவுத் தபால்ல போட்டாப்ல, எனக்கு காட்டாம. ஆறு கேள்வி, ஆறும் "ஏன்"னு ஆரம்பிக்குது. ஏன் வெள்ள நாளில் வருகை பதியப்பட்டது, ஏன் ஒரே படம், இப்படி. ஆர்டிஐ சட்டம் ஆபீஸ்ல ஏற்கனவே பதிவா இருக்குறதத்தான் குடுக்கச் சொல்லுது, விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லல. அந்த ஒத்த வரியோட பதில் வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே, மனு போய் சேர்ந்த மறுநாளே, தம்பியோட அப்பாவுக்கு ஒரு போன். மிரட்டல் எல்லாம் இல்ல, ரொம்ப மரியாதையா. "அண்ணாச்சி, தம்பிக்கு என்ன வேணுமாம், கேட்டா நாமளே சொல்லிருவோம்ல." அப்பா ரேஷன் கடை பக்கத்துல பெட்டிக்கடை வச்சிருக்கவரு. அன்னைக்கு வீட்ல சோறு இறங்கலைன்னு தம்பி சொன்னாப்ல.

இங்க ஒரு முடிவு எடுத்தோம். அடுத்த மனு தம்பி பேர்ல போகாது. இந்திய குடிமகன் யார் வேணாலும் எங்க இருந்து வேணாலும் போடலாம், 6(2)படி எதுக்குன்னு காரணம் சொல்ல வேண்டாம், அதனால வேற மாவட்டத்துல இருக்குற என் நண்பர் ஒருத்தர் பேர்ல, அவரோட முழு சம்மதத்தோட. இந்த தடவ கேள்வியே கிடையாது, ஆவணப் பட்டியல் மட்டும். இந்த மஸ்டர் நம்பருக்கான எம்-புக் (நடந்த வேலைய அளந்து எழுதுற பதிவேடு) பக்கங்கள், பொருள் பில், கள ஆய்வுக் குறிப்பு இதுக்கெல்லாம் நகல், அதோட 2(ஜே)படி நேர்ல வந்து கோப்ப பார்க்க ஒரு தேதி.

மார்ச் 16 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்துருச்சு, ஏப்ரல் 19 இங்க ஓட்டு. முப்பது நாள் தாண்டியும் பதில் இல்ல, போன் பண்ணா எலக்‌ஷன் டூட்டின்னாங்க. ஏப்ரல் கடைசில 19(1)படி முதல் மேல்முறையீடு. இடைல ஒரு பதில் வந்துச்சு, பேர்கள் தனிநபர் விவரம், 8(1)(ஜே)படி தரமுடியாதுன்னு. அதே பேர்கள் அவங்க தளத்துலயே யாரும் பார்க்கற மாதிரி கிடக்கு! (2023ல வந்த தரவு பாதுகாப்பு சட்டம் இந்த 8(1)(ஜே)யையே இன்னும் அகலமா மாத்தி எழுதியிருக்கு, இனி வர்ற பசங்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி.) ஜூன்ல மேல்முறையீட்டு உத்தரவு, கோப்ப பார்க்கலாம், எம்-புக் நகல் உண்டு, பொருள் பில் கிடையாது.

ஜூன் கடைசில நண்பர் பஸ் ஏறி வந்து கோப்பு பார்த்தாரு. எம்-புக்ல அந்த வரத்துக்கால அளந்ததா எழுதுன தேதி டிசம்பர் 21. தண்ணி வடியாத வரத்துக்கால்ல அடி ஆழம் அளந்திருக்காங்க, தசம புள்ளி வரைக்கும். நகல் பக்கத்துக்கு ரெண்டு ரூபா கட்டி சான்றிட்டு வாங்கிட்டு வந்தாரு.

பொறுப்பாளர் அக்கா

இந்த கேஸ்ல எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான்.

பாட்டிகிட்ட ஆயிரத்து இருநூறு கேட்டது அந்த வேலையோட பணித்தள பொறுப்பாளர், வேலை நடக்குற இடத்துல வருகை போடுறவங்க. சுய உதவிக் குழுல இருக்குற அக்கா, வயசு நாப்பதுக்கு மேல. மே மாசம் தம்பி தயங்கித் தயங்கி அவங்க வீட்டுக்குப் போனாப்ல. அக்கா முதல்ல கதவ சாத்திட்டாங்க. ரெண்டாவது தடவ போனப்ப அவங்களே பேசுனாங்க. "நான் வாங்குனேன் தம்பி, இல்லங்கல. வாங்கி மேல குடுத்தேன். எனக்கு வாரத்துக்கு இருநூறு. குடுக்கலன்னா அடுத்த மஸ்டர்ல நான் இருக்க மாட்டேன்."

போன எடுத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்ப காட்டுனாங்க. டிசம்பர் 17 ராத்திரி 9:40க்கு ஒரு மெசேஜ். "நாளக்கி பழய போட்டோ போதும் 31 போட்ருஙக". அந்த கடைசி வார்த்தைல ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு, அப்படியே இருந்துச்சு. தம்பிக்கு ஸ்கிரீன்ஷாட் குடுத்தாங்க, என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன்.

இவங்க சாட்சியா குற்றத்துல பங்கா? ரெண்டும்தான். உள்ள இருந்து தகவல் குடுக்குறவங்க முக்கால்வாசி பேரு இப்படித்தான் இருப்பாங்க, கை சுத்தமா இருக்குறவங்களுக்கு உள்ள நடக்குறது தெரியாது. இந்தியால சோர்ஸ் பேர சொல்லமாட்டேன்னு கோர்ட்ல நிக்க நிருபருக்கு தனிச் சட்டம் எதுவும் இல்ல. பிரஸ் கவுன்சில் சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு, அது பிரஸ் கவுன்சில் விசாரணைக்கு மட்டும். அதனால அவங்க பேர எங்கயும் எழுதாதன்னு தம்பிகிட்ட சொல்லி வச்சேன், ஷீட்ல கூட போடல, போன்ல நம்பர "கேஸ் சிலிண்டர்"னு மாத்தி சேவ் பண்ணிருந்தாப்ல. இவ்வளவும் செஞ்சோம்.

கேள்வி அனுப்புன நாள்

ஜூலைல எல்லாம் ரெடி. மதுரைல பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீல் அக்கா காசு வாங்காம வரிவரியா படிச்சாங்க. ஜூலை 1ல இருந்து ஐபிசி 499, 500 போய் பாரதிய நியாய சன்ஹிதா 356 வந்திருந்துச்சு, அவதூறு கிரிமினல் குற்றமாவே தொடருது. உண்மைங்கிறது மட்டும் போதாது, பொது நன்மைக்காகன்னும் காட்டணும். அவங்க தைரியம் சொன்னது 1994 தீர்ப்ப வச்சு, ஆட்டோ சங்கர் விஷயத்துல நக்கீரன் போட்ட வழக்கு. பொது ஆவணத்துல இருக்குறத வெளியிட தடை இல்ல, அரசு அதிகாரியோட வேலை சம்பந்தமா எழுதுறப்ப உண்மையப் பத்தி கவலையே படாம எழுதுனாத்தான் சிக்கல்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஊழல், கொள்ளை, மோசடின்னு இருந்த வார்த்தை எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. "பதிவேட்டில் இப்படி இருக்கிறது, படத்தில் இப்படித் தெரிகிறது", அவ்வளவுதான். தம்பிக்கு உயிரே போன மாதிரி இருந்துச்சு.

மறுதரப்புக்கு கேள்வி அனுப்பணும்ல, அந்த பட்டியல தம்பி தயார் பண்ணி எனக்கு வாட்ஸ்அப்ல போட்டாப்ல, "அண்ணே பாத்து சொல்லுங்க". நான் அப்ப ஒரு கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருந்தேன். இலைல சாம்பார் ஊத்திட்டாங்க. மேல ரெண்டு கேள்விய பார்த்தேன், நல்லா இருந்துச்சு, இடது கையால கட்டைவிரல் ஒன்னு போட்டு விட்டுட்டேன்.

ஏழாவது கேள்வி: "டிசம்பர் 17 இரவு 9:40 மணிக்கு 'நாளக்கி பழய போட்டோ போதும் 31 போட்ருஙக' என்று அனுப்பப்பட்ட செய்தி குறித்து உங்கள் விளக்கம் என்ன?"

அந்த குரூப்ல மொத்தம் அஞ்சு பேர். அதுல ரெண்டு பேர் செயலருக்கு சொந்தக்காரங்க. கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் கூட ஆகல. மறுநாளே அக்காவ பொறுப்பாளர்ல இருந்து தூக்கிட்டாங்க. அடுத்த மூணு மாசம் அந்த வீட்டு ஜாப் கார்டுக்கு வேலையே வரல. குழுல கடன் கேட்டா இழுத்தடிச்சாங்க. அக்கா தம்பிக்கு போன் பண்ணி திட்டல, "எழுதிட்டியா தம்பி"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டாங்க.

அந்த ஏழாவது கேள்வியோட தேவையே இல்ல, அதான் கொடுமை. பழைய போட்டோங்கிறத அந்த 34% பேட்டரியே சொல்லுது, அது உலகமே பார்க்கலாம். மெசேஜ் படிக்க சுவையா இருந்துச்சு, அதுக்காக உள்ள வந்துச்சு. நான் பந்திய விட்டு எந்திரிச்சு கை கழுவிட்டு படிச்சிருந்தா அடிச்சிருப்பேன்.

வெளியானதும் அதுக்குப் பிறகும்

தம்பியோட பேப்பர்ல வரல. பீரோ சீஃப் முழுசா படிச்சாரு, நல்லா இருக்குன்னாரு, "சுதந்திர தின மலர் முடியட்டும்"னாரு. முடிஞ்சுது. "தீபாவளி வரட்டும்"னாரு. அந்த சுதந்திர தின மலர்ல அந்த ஒன்றியத்து பெரிய மனுஷரோட அரைப்பக்க வாழ்த்து, வாங்கிக் குடுத்ததே தம்பிதான், ஜூன் மாசம் டார்கெட் நெருக்குனப்ப. அத என்கிட்ட ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாப்ல. சீஃப நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் மேல ஒரு டார்கெட் இருக்கு.

ஆகஸ்ட் கடைசில தம்பி வேலைய விட்டாப்ல. செப்டம்பர்ல ஒரு சின்ன இணைய இதழ் வெளியிட்டாங்க, எழுதுனதுல பாதி நீளம். பிடிஓ ஆபீஸ் பதிலும் அதுலயே வந்துச்சு, தொழில்நுட்பக் கோளாறு, அன்றைய தினங்களில் பணி நடைபெறவில்லை, ஊதியம் திரும்பப் பெறப்படும்னு. வேலை நடக்கலன்னு அவங்களே எழுத்துல குடுத்துட்டாங்க, அது போதும்.

அக்டோபர்ல மாவட்டத்துல இருந்து விசாரணைக்கு வந்தாங்க. ரெண்டு மஸ்டர் எடுத்து, ஒரு லட்சத்துக்கு கொஞ்சம் கீழ திரும்ப வசூலிக்க உத்தரவு. ஓவர்சியர் பக்கத்து ஒன்றியத்துக்கு மாறுனாரு. அறிக்கைல யார் கவனக்குறைவுன்னு எழுதியிருந்தாங்க தெரியுமா, "பணித்தள பொறுப்பாளர்". மேல யாரும் இல்ல. வசூல்ல ஒரு பங்கு அக்கா தலைல விழுந்துச்சு, வக்கீல் அக்கா ஒம்புட்ஸ்மேனுக்கு (இந்த திட்டத்துப் புகார விசாரிக்கிறவர்) மனு போட்டுக் குடுத்து அந்த பங்க மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க.

நவம்பர்ல தம்பிக்கும் இதழுக்கும் வக்கீல் நோட்டீஸ். மானநஷ்டம். சான்றிட்ட நகல், ஹாஷ் போட்ட ஃபைல், அவங்களோட சொந்த பதில் எல்லாம் இணைச்சு மறுமொழி போச்சு, அதுக்கப்புறம் சத்தம் இல்ல.

செலவுக் கணக்கு தம்பி எழுதி வச்சிருந்தாப்ல. பெட்ரோல், பஸ், தபால், நகல், திருப்பூர் ஒரு தடவ போய் வந்தது எல்லாம் சேர்த்து பதினோராயிரத்து சொச்சம். இதழ்ல இருந்து வந்தது நாலாயிரம். இப்ப தம்பி பகல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி போடுறாப்ல, வாரத்துல ரெண்டு நாள் அந்த இதழுக்கு அடுத்தவங்க கட்டுரைல தகவல் சரிபார்க்கிற வேலை, அதுக்கு மாசச் சம்பளம் உண்டு. சொந்தமா தோண்டுறது வருஷத்துக்கு ஒன்னு. "இப்படி இருந்தா புலனாய்வு நிருபர்னு சொல்லிக்கலாமாண்ணே"ன்னு கேட்டாப்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த வேலைய ஒழுங்கா செய்யுற ஆட்கள் நிறைய பேருக்கு இப்படி இன்னொரு வருமானம் இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல. ஆடிட்டர் ஆபீஸ் வேலைய கேவலமா நினைக்காத, எம்-புக் படிக்கிற கண்ணு அங்கதான் தேறும்னு சொன்னேன்.

2025 ஜூலைல மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு கடிதம் எழுதுச்சு, என்எம்எம்எஸ்ல சம்பந்தமே இல்லாத படம் ஏத்துறாங்க, போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்க, சரிபாருங்கன்னு. தம்பி அந்த கடிதத்த எனக்கு அனுப்பி கீழ வெறும் "34%"னு மட்டும் எழுதியிருந்தாப்ல.

திரும்ப செஞ்சா எத மாத்துவோம்

முதல் மனுவே வேற ஊர் ஆள் பேர்ல, கேள்விக்குறி இல்லாம போகும். "ஏன்"கிறத கடைசில மறுதரப்புகிட்ட கேட்டுக்கலாம்.

ஒரு ஒன்றியத்துல தோண்ட ஆரம்பிச்ச அன்னைக்கே அந்த ஒன்றியத்து விளம்பரத்த தொடக்கூடாது, டார்கெட் போனாலும் சரி. வேலை போகும்னா அது ஜூன்லயே போயிருக்கும், ரெண்டு மாசம் மிச்சம் ஆயிருக்கும்.

அனுப்புற கேள்வி ஒவ்வொன்னும் பொதுவுல கிடைக்கிற ஆவணத்த வச்சு மட்டும். உள்ள இருந்து வந்தது நமக்கு வழி காட்டுறதுக்கு, கேள்விக்குள்ள அது வரக்கூடாது. தம்பி ஷீட்ல இப்ப புதுசா ஒரு காலம் இருக்கு, "இது எத்தன பேருக்குத் தெரியும்". பத்துக்கு கீழ எண் வந்தா அந்த வரி சிவப்பாகிரும், அத வெளிய எடுக்க ரெண்டு பேர் சம்மதம் வேணும். அதுல ஒரு ஆள் நான், உக்காந்து முழுசா படிச்சிட்டு எழுத்துல பதில் போடணும், கட்டைவிரல் செல்லாது.

அக்காவுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கணும். வெளிய தெரிஞ்சா மூணு மாசம் எப்படி ஓட்டுவீங்கன்னு நாங்க ஒரு தடவ கூட கேக்கல. அவங்க இப்ப தீப்பெட்டி ஆபீஸ்க்கு போறாங்க, காலைல ஏழரைக்கு வேன் வருது. நூறு நாள் வேலைய விட கூலி பரவாயில்ல, ஆனா கழுத்து வலிங்கிறாங்க. தம்பி ஊருக்குப் போனா பார்த்துட்டு வர்றாப்ல, கட்டுரைய பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.

ஜேசிபி விஷயம் அப்படியே கிடக்கு. பொருள் பில் கேட்டு 2024 செப்டம்பர்ல மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 19(3)படி ரெண்டாவது மேல்முறையீடு போட்டோம். வழக்கு எண் போட்டு நண்பர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்துச்சு, விசாரணைத் தேதி இன்னும் வரல.